கழிவுநீர் சம்ப் கன்ட்ரோலர்: சென்சார் பொய் சொல்லும் நாளுக்கும் சேர்த்து செட் செய்வது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. சென்னை ஓஎம்ஆர் பக்கம் 120 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. எல்லா வீட்டுக் கழிவுநீரும் ஒரு சம்ப்பில் சேர்ந்து, இரண்டு 2 எச்.பி. சப்மெர்சிபிள் பம்ப் வழியாக எஸ்டிபிக்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஏறுகிறது. இவ்வளவு நாள் ஃப்ளோட் சுவிட்சில் ஓடியது. அண்மையில் சீமென்ஸ் லோகோ என்னும் சின்ன கன்ட்ரோலரும், தண்ணீருக்குள் தொங்கவிடும் 4–20 மில்லியாம்ப் பிரஷர் டைப் லெவல் சென்சாரும் (மட்டம் ஏற ஏற 4-லிருந்து 20 மில்லியாம்ப் வரை சிக்னல் தருவது) போட்டிருக்கிறீர்கள். சில வாரத்திலேயே சென்சார் "தண்ணீர் குறைவு" என்று காட்டிக்கொண்டே இருக்க, பம்ப் ஓடாமல் நின்று, பேஸ்மென்ட் சேம்பர் மூடி வழியாகச் சாக்கடை பொங்கிவிட்டது. லெவலை எப்படி செட் செய்வது, பழைய ஃப்ளோட்டைக் கழற்றிவிடலாமா, ஒலி அலையால் மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக்குக்கு மாறினால் தீருமா என்று கேட்கிறீர்கள்.

ஃப்ளோட்டைக் கழற்றாதீர்கள். இடம் மாற்றி, வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் சென்சார் கெட்டுப்போனது பெரிய விஷயமே இல்லை. சாக்கடைக்குள் தொங்கும் எந்தச் சென்சாரும் ஒருநாள் கெடும். அது தப்பாகச் சொன்னதை எதிர்த்துக் கேட்க பேனலில் வேறு ஆளே இல்லாமல் போனதுதான் பிரச்சினை. பேனல் செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளுக்கு ப்ரோகிராம் எழுதித் தருவார்கள். இந்த லெவலில் ஓடு, இந்த லெவலில் நில், மாற்றி மாற்றி ஓடு: இதை எழுத அரைமணி நேரம் போதும். கோளாறு வரும் நாளுக்கு எழுதுவதில்தான் உழைப்பு இருக்கிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. 120 வீடு, வீட்டுக்கு 5 பேர் என்றால் 600 பேர். மத்திய அரசின் சிபிஎச்இஇஓ கையேடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளும். அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பி வரும் என்பது வழக்கமான கணக்கு. ஆக ஒரு நாளைக்குச் சுமார் 64,800 லிட்டர். சராசரியாக நொடிக்கு 0.75 லிட்டர். காலை ஆறரை முதல் ஒன்பது வரை எல்லோரும் குளித்துக் கிளம்பும் நேரத்துக்கு அதே கையேடு சொல்லும் உச்சக் காரணி 3. அதாவது நொடிக்கு 2.25 லிட்டர். உங்கள் பம்ப் ஒன்று நொடிக்கு 3 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்பதை கன்ட்ரோலரை வைத்தே கண்டுபிடிக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்டார்ட் லெவலுக்கும் ஸ்டாப் லெவலுக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பம்ப் ஓடும் வேகத்தில் பாதி அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும்போதுதான் பம்ப் மிக அதிகத் தடவை ஸ்டார்ட் ஆகும். அந்த நிலைக்கு, தேவைப்படும் கொள்ளளவு = பம்ப்பின் வேகம் × இரண்டு ஸ்டார்ட்டுக்கு நடுவே உள்ள நேரம் ÷ 4. மணிக்கு 6 ஸ்டார்ட்டுக்கு மேல் வேண்டாம் என்றால் நேரம் 600 நொடி. 3 × 600 ÷ 4 = 450 லிட்டர். உங்கள் சம்ப் உள்ளளவு 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 40 லிட்டர். 450 லிட்டருக்கு 11 சென்டிமீட்டர் போதும்.

ஆனால் 11 சென்டிமீட்டரில் செட் செய்யாதீர்கள். அவ்வளவு குறுகலாக வைத்தால் சென்சார் கொஞ்சம் ஆடினாலும் பம்ப் ஆடும். அதற்காக ஒரு மீட்டர் இடைவெளி விடுவதும் தப்பு. கழிவு நெடுநேரம் தேங்கினால் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அது கான்கிரீட்டையும் தின்னும், பேனல் அருகில் இருந்தால் செம்புக் கம்பியையும் கறுக்க வைக்கும். கையேடு சொல்வது, சராசரி வரத்தில் 30 நிமிடத்துக்கு மேல் தேங்கக் கூடாது என்று. உங்களுக்கு அது 1,350 லிட்டர். 30 சென்டிமீட்டர் இடைவெளி வைத்தால் 1,200 லிட்டர்; இரண்டு பக்கமும் கணக்கு சரியாக வருகிறது. சராசரி வரத்தில் நிறைய 27 நிமிடம், காலியாக 9 நிமிடம் ஆகும்.

அப்புறம் சென்சார். இது தன் முகத்துக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும், தரையிலிருந்து அளக்காது. சேற்றில் புதையாமல் இருக்க தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். அந்த 20 சென்டிமீட்டரை ப்ரோகிராமில் கூட்டியே ஆக வேண்டும். இதைக் கூட்டாமல் விட்ட பேனல்களில் எல்லா லெவலும் 20 சென்டிமீட்டர் மேலே நகர்ந்து உட்கார்ந்திருக்கும். ஓடத்தான் ஓடும், ஆனால் ஹை அலாரம் வரும்போது தண்ணீர் குழாய் வாயை நெருங்கியிருக்கும்.

சென்சாரின் ரேஞ்ச் 0–4 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒரு மீட்டருக்கு 4 மில்லியாம்ப். கடையில் 0–10 மீட்டர்தான் இருந்தது என்று அதை வாங்கிப் போட்டிருந்தால் ஒரு மீட்டருக்கு 1.6 மில்லியாம்ப்தான் கிடைக்கும். உங்களுக்கு வேண்டிய மொத்த வேலையும் கீழ்க் கால்பாகத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

லோகோவில் கவனிக்க வேண்டியது: 230 வோல்ட் மாடலில் அனலாக் இன்புட் கிடையாது, 12/24 டிசி மாடலில் உண்டு, அதுவும் 0–10 வோல்ட்தான். தனி அனலாக் மாட்யூல் வாங்காமல் சமாளிக்க வேண்டுமானால் 500 ஓம் துல்லிய ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டால் 4–20 மில்லியாம்ப், 2–10 வோல்ட்டாகிவிடும். லோகோ உள்ளுக்குள் 0–10 வோல்ட்டை 0–1000 என்று படிக்கும், ஆகவே 4 மில்லியாம்ப் 200, 20 மில்லியாம்ப் 1000. இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மீட்டரும் திரையும் ஒத்துப்போகிறதா என்று உடனே பார்க்கலாம். உங்கள் சம்ப் 3 மீட்டர் ஆழம், உள்ளே வரும் குழாயின் அடிமட்டம் தரையிலிருந்து 1.80 மீட்டர் என்பதை வைத்து நான் போடும் லெவல்கள், எல்லாம் தரையிலிருந்து:

டிரை ரன் ஃப்ளோட் 0.30 மீட்டர் (தண்ணீரில்லாமல் பம்ப் ஓடுவதைத் தடுக்க)
பம்ப் ஸ்டாப் 0.50 மீட்டர் (5.2 மில்லியாம்ப், லோகோவில் 260)
முதல் பம்ப் ஸ்டார்ட் 0.80 மீட்டர் (6.4, 320)
இரண்டாம் பம்ப் ஸ்டார்ட் 1.10 மீட்டர் (7.6, 380)
ஹை அலாரம் 1.40 மீட்டர் (8.8, 440)
பேக்கப் ஃப்ளோட் 1.55 மீட்டர் (சென்சார் கைவிட்டால் பம்ப்பை ஓட்ட)

ஸ்டாப் லெவலை மட்டும் அப்படியே நகல் எடுக்காதீர்கள். பம்ப் கையேட்டில் குறைந்தபட்ச நீர்மட்டம் என்று ஒரு கோடு போட்ட படம் இருக்கும். கூலிங் ஜாக்கெட் இல்லாத பம்ப் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சூடு ஆறும். அந்தக் கோடு 0.50-க்கு மேலே இருந்தால் எல்லா லெவலையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். சென்சார் 0.20 மீட்டரில் தொங்குகிறது, தண்ணீர் வழக்கமாக 0.50-க்குக் கீழே போவதில்லை. அப்படியானால் நல்ல நிலையில் உள்ள சென்சார் 4 மில்லியாம்ப் காட்டவே கூடாது! 4.4-க்குக் கீழே, அதாவது லோகோவில் 220-க்குக் கீழே இறங்கினாலே அங்கே ஏதோ தப்பு நடக்கிறது. உங்கள் பேனலோ 4 மில்லியாம்ப்பைப் பார்த்து "தொட்டி காலி, நல்லது" என்று சும்மா உட்கார்ந்திருந்தது.

இதற்கு மூன்று சோதனைகளை ப்ரோகிராமில் எழுதுங்கள். முதலாவது எல்லை மீறல். சிக்னல் 180-க்குக் கீழே, அதாவது 3.6 மில்லியாம்ப்புக்குக் கீழே, 5 நொடி இருந்தால் வயர் அறுந்தது அல்லது சென்சார் செத்தது. 900-க்கு மேல் போனாலும் பழுதுதான், அது 3.70 மீட்டர் தண்ணீருக்குச் சமம், உங்கள் தொட்டியின் ஆழமே 3 மீட்டர். இந்த மேல் எல்லையை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் சில பிஎல்சி (லோகோ போன்ற கன்ட்ரோலர்) அனலாக் கார்டுகள் வயர் அறுந்தால் பூஜ்யத்துக்குப் பதில் உச்ச எண்ணைக் கொடுக்கும். அதை நம்பினால் காலித் தொட்டியில் பம்ப் ஓடி எரியும்.

இரண்டாவது, ஃப்ளோட்டோடு ஒத்துப்பார்ப்பது. சென்சார் 0.30-க்குக் கீழே என்கிறது, டிரை ரன் ஃப்ளோட்டோ தண்ணீர் இருக்கிறது என்கிறது. அப்போது ஃப்ளோட்டை நம்பி, சென்சார் ஃபால்ட் என்று அறிவிக்க வேண்டும். மேலேயும் அப்படியே: பேக்கப் ஃப்ளோட் எழுந்துவிட்டது, சென்சார் இன்னும் 1.20-ஐத் தாண்டவில்லை என்றால் சென்சார்தான் பொய். உங்கள் இடத்தில் வழிந்த அன்று இந்த ஒரு வரி இருந்திருந்தால் பம்ப் ஓடியிருக்கும், உங்களுக்கு எஸ்எம்எஸ் வந்திருக்கும்.

மூன்றாவது, உறைந்துபோன சென்சார். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, 10 நிமிடத்தில் லெவல் 5 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. உச்ச வரத்திலும் உங்களுக்கு 10 நிமிடத்தில் 11 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காரணம் சென்சாராக இருக்கலாம், பம்ப் அடைப்பாக இருக்கலாம், என்ஆர்வி (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) சிக்கியிருக்கலாம், அல்லது ஈபி லைனில் வேலை பார்த்துவிட்டு ஃபேஸ் மாற்றி மாட்டியதால் பம்ப் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். கடைசியில் சொன்னது நிறைய இடத்தில் நடப்பது. சத்தம் வரும், கொஞ்சம் தண்ணீரும் ஏறும், யாருக்கும் சந்தேகமே வராது. பேனலில் ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலே (ஃபேஸ் வரிசை மாறினால் பம்ப்பை ஓடவிடாதது) இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், விலை அதிகமில்லை. ப்ரோகிராம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஓடுகிற பம்ப்பை நிறுத்து, அடுத்த பம்ப்பை ஓட்டு, அலாரம் கொடு. அடுத்ததிலும் இறங்கவில்லை என்றால் சென்சார் மீது சந்தேகம் வலுக்கும்.

சென்சார் ஃபால்ட் என்று தெரிந்த பிறகு? இங்கேதான் பேக்கப் ஃப்ளோட் தனியாக நிற்க வேண்டும், லோகோவை நம்பாமல். ஃப்ளோட் எழுந்ததும் ஒரு ரிலே, அதிலிருந்து ஆஃப் டிலே டைமர் (ஃப்ளோட் இறங்கிய பிறகும் குறித்த நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துவது), அதிலிருந்து நேரே பம்ப் கான்டாக்டர் காயில் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சின் காந்தச் சுருள்). லோகோவின் அவுட்புட்டுக்கு இணையாக வர வேண்டும், ஓவர்லோட் ரிலேக்கும் வைண்டிங் தெர்மல் சுவிட்சுக்கும் தொடராக இருக்க வேண்டும். டைமர் 10 நிமிடம். அந்த நேரத்தில் பம்ப் 1,800 லிட்டர் வெளியே தள்ளும், சராசரியாக 450 உள்ளே வரும்; நிகரம் 1,350 லிட்டர், சுமார் 34 சென்டிமீட்டர். 1.55-லிருந்து 1.20 அளவுக்கு இறங்கி நிற்கும், காலியாகும் பேச்சே இல்லை. ஃப்ளோட் 2 நிமிடத்துக்கு மேல் எழுந்தே இருந்தால் இரண்டாம் பம்ப்பும் சேரட்டும். லோகோவே செத்துப்போனாலும், யாராவது ப்ரோகிராமை நிறுத்திவிட்டு மறந்து போனாலும் இது ஓடும். சென்சார் இல்லாமல் ஒரு வாரம் சமாளிக்க இது போதும்.

இங்கே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும்: பேக்கப் ஃப்ளோட் எழுந்திருக்கும்போது டிரை ரன் ஃப்ளோட் "தண்ணீர் இல்லை" என்றால் யார் பேச்சைக் கேட்பது? என் கருத்து, மேலே உள்ளவன் சொல்வதைக் கேளுங்கள். டிரை ரன் ஃப்ளோட் சேற்றிலோ துணியிலோ சிக்கிக் கீழேயே கிடப்பது சர்வ சாதாரணம். பம்ப் எரிந்தால் ரீவைண்டிங் செலவோடு போகும். பேஸ்மென்ட்டில் சாக்கடை வந்தால் கார், லிஃப்ட் குழி, குடிநீர் சம்ப் எல்லாம் சேர்ந்து போகும். ஆனால் ஓவர்லோடையும் தெர்மலையும் எந்தக் காரணத்துக்காகவும் பைபாஸ் செய்யாதீர்கள்.

ஃப்ளோட்டுக்கு 24 வோல்ட் மட்டும். பழைய வயரிங்கில் காயிலின் 230 வோல்ட் நேராகவே ஃப்ளோட் கேபிளில் போய்க்கொண்டிருக்கும். கேபிள் உறை கிழிந்தால் தொட்டித் தண்ணீரில் கரண்ட். தவிர, சாக்கடைத் தொட்டியில் மீத்தேன் சேரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். சென்சார், ஃப்ளோட் இரண்டுக்கும் பேரியர் (பொறி வராத அளவுக்குக் கரண்டைக் கட்டுப்படுத்துவது) போடுவது நல்லது. போட்டால் ஒரு கணக்கு இடிக்கும்: 24 வோல்ட்டில் 500 ஓம் ரெசிஸ்டர் 20 மில்லியாம்ப்பில் 10 வோல்ட்டைத் தின்கிறது, சாதாரண ஜீனர் பேரியர் இன்னும் 5, 6 வோல்ட் தின்னும், மீதி சென்சாருக்குப் போதாமல் போகலாம். அப்போது கீழே எல்லாம் சரியாகக் காட்டும், தண்ணீர் ஏற ஏற ஓர் இடத்தில் எண் அப்படியே நின்றுவிடும். ரெசிஸ்டரை 250 ஓம் ஆக்கி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஐசொலேட்டட் பேரியர் வாங்குங்கள்.

சரி, உங்கள் சென்சார் ஏன் குறைவாகக் காட்டியது? அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆனால் எங்கே தேடுவது என்று சொல்கிறேன். மேலே இழுத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். முகத்தில் உள்ள மெல்லிய தகட்டைக் குச்சியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டவே கூடாது. காற்றில் பிடித்தால் 4.00 காட்ட வேண்டும். முழுநீள பிவிசி பைப் ஒன்றின் அடியை மூடி, 50 சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி உள்ளே விட்டால் 6.0 காட்ட வேண்டும். இரண்டும் சரியென்றால் சென்சார் நல்லது. தொங்கும் இடத்தில்தான் தப்பு. உள்ளே விழும் தண்ணீர் அடித்துத் தூக்கியிருக்கும், அல்லது கேபிள் பம்ப் செயினில் சுற்றியிருக்கும்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வகைச் சென்சாரின் கேபிளுக்குள் மயிரிழை போல ஒரு காற்றுக்குழாய் ஓடும். வெளிக்காற்றின் அழுத்தம் அது வழியாகத்தான் உள்ளே போய் கழிபடுகிறது. எலக்ட்ரீஷியன் கேபிளை நீட்ட ஜாயின்ட் போட்டு, டேப் சுற்றி, எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் அந்தக் குழாயும் செத்தது. அதன் பிறகு காற்றழுத்தம் மாறுவதெல்லாம் தண்ணீர் மட்டம் மாறுவதுபோலத் தெரியும். ஒரு மில்லிபார் ஒரு சென்டிமீட்டர். வங்கக் கடலில் புயல் சின்னம் நெருங்கி அழுத்தம் 15 மில்லிபார் இறங்கினால் சென்சார் 15 சென்டிமீட்டர் குறைத்துச் சொல்லும், அதுவும் மழைநீர் சேம்பரெல்லாம் புகுந்து தொட்டி வேகமாக நிறையும் அதே நாளில். கேபிளை ஒட்டாமல் பேனல் வரை ஒரே துண்டாகக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் சம்ப்புக்கு வெளியே காற்று புகும் ஜங்ஷன் பாக்ஸில் முடியுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குப்பியோடு. குப்பி நிறம் மாறினால் மாற்ற வேண்டும்.

கேபிளின் ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், மோட்டார் கேபிள் போகும் குழாயில் இதைக் கூட்டு சேர்க்காதீர்கள்.

இதையெல்லாம் செய்ய யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. சென்சார் செயினோடு மேலே வர வேண்டும், பம்ப் கைடு ரெயிலில் மேலே வர வேண்டும், ஃப்ளோட்டை மேலிருந்தே தூக்கிச் சோதிக்க ஒரு நைலான் கயிறு கட்டியிருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு அளவு ஏறினால் மூக்குக்கு வாடையே தெரியாமல் போகும். வாடை இல்லை என்று இறங்கியவர்கள்தான் செத்திருக்கிறார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றம். இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "ஃப்ளோட் சிக்கிடுச்சு, ரெண்டு நிமிஷம் இறங்கி எடுத்துட்டு வா" என்று வாட்ச்மேனிடம் சொல்லும் நிலை வராதபடி அமைப்பதும் இந்த செட்டிங்கின் பாகம்தான்.

பம்ப் மாற்றி ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் மாற்றுங்கள். ஒன்றை ஸ்டாண்ட்பை என்று மாதக்கணக்கில் சும்மா வைத்தால், தேவைப்படும் நாளில் அது சுற்றாது. ட்ரிப் ஆன பம்ப்பை ப்ரோகிராம் தானாகத் தாண்டிப் போக வேண்டும். பல ப்ரோகிராம்களில் மாறி மாறி வரும் முறை ட்ரிப் ஆன பம்ப்பிடமே போய் நின்றுவிடும், இதைக் கட்டாயம் சோதியுங்கள். ஒரு பம்ப் தொடர்ந்து 30 நிமிடம் ஓடினால் அடுத்ததற்கு மாறட்டும். நின்ற பம்ப் 60 நொடிக்குள் மறுபடி ஸ்டார்ட் ஆகக் கூடாது. என்ஆர்வி கொஞ்சம் ஒழுகினாலும் குழாய்த் தண்ணீர் திரும்பி இறங்கி இம்பெல்லரைத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் கரண்ட் கொடுத்தால் ஷாஃப்ட்டுக்கு அடி.

கரண்ட் வந்ததும் இரண்டு பம்ப்பும் ஒன்றாக எகிறாமல், முதலாவது 15 நொடி கழித்தும் இரண்டாவது இன்னும் 30 நொடி கழித்தும் வரட்டும். ஜென்செட்டில் ஓடும்போது ஒரே ஒரு பம்ப் என்று பூட்டிவிடுங்கள். அதற்கு சேஞ்ச்ஓவரிலிருந்து ஒரு டிரை கான்டாக்ட் (தனக்கென்று வோல்ட்டேஜ் இல்லாத கான்டாக்ட்) லோகோவுக்கு வந்தால் போதும்.

எண்ணெய்க் கொழுப்பு தொட்டிச் சுவரில் ஒரே உயரத்தில் வளையமாகப் படியும், மேலே ஆடையாகவும் மிதக்கும். இதற்கு இரண்டு சின்ன வேலை: ஸ்டார்ட் லெவலை ஒவ்வொரு தடவையும் 75, 80, 85 சென்டிமீட்டர் என்று மாற்றிக்கொண்டே இருங்கள், நாளுக்கு ஒருமுறை, வரத்து குறைவான பின்னிரவில், 0.40 மீட்டர் வரை இறக்கி ஆடையையும் இழுத்துத் தள்ளுங்கள். பின்னிரவு மூன்று மணி நல்ல நேரம். 0.40-லும் சிக்னல் 4.8 மில்லியாம்ப், ஆகவே மேலே சொன்ன 220 எல்லையில் தட்டாது.

அலைக்கு 5 நொடி சராசரி போதும், ஸ்டார்ட்டுக்கு 5 நொடி தாமதம் போதும். சிலர் சராசரியை ஒரு நிமிடம் வரை ஏற்றிவிடுகிறார்கள், திரையில் எண் அழகாக நிற்கிறது என்று. வேண்டாம்.

ஆம்ப்பியரையும் பாருங்கள். பம்ப் நன்றாகத் தண்ணீர் தள்ளும்போது எவ்வளவு எடுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் எழுதிவையுங்கள், தகட்டில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் காற்றடைப்பு, டிரை ரன் அல்லது உறிஞ்சும் வாயில் அடைப்பு. கூடினால் இம்பெல்லரில் துணி, சானிட்டரி பேட், முடி. ஓவர்லோட் ரிலேயை மட்டும் தகட்டு ஆம்ப்பியரில் வையுங்கள். ட்ரிப் ஆகிறதே என்று ரிலேயைத் திருகி ஏற்றும் பழக்கம்தான் ரீவைண்டிங் கடைக்காரருக்கு வருமானம்.

எல்லாம் முடிந்த பிறகு சோதனை. லூப் கேலிபரேட்டர் (சென்சாருக்குப் பதிலாக வேண்டிய மில்லியாம்ப்பைக் கொடுக்கும் கருவி) ஒன்றை வாடகைக்கு எடுத்து 3 மில்லியாம்ப், 5, 7, 9, 19 என்று கொடுத்து ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்கிறது பாருங்கள். கேலிபரேட்டரில் பாஸ் ஆனதோடு நிறுத்தாமல் உண்மைத் தண்ணீரிலும் செய்யுங்கள்: இரண்டு பம்ப்பையும் ஆஃப் செய்து தொட்டியை நிறையவிட்டு, 1.40-ல் சைரன் அடிக்கிறதா பாருங்கள்; பிறகு லோகோவின் சப்ளையைப் பிடுங்கிவிட்டு, பம்ப்பை மறுபடி ஆட்டோவில் போட்டு, 1.55-ல் லோகோ இல்லாமலே பம்ப் எழுகிறதா என்று பாருங்கள். சென்சார் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஓவர்லோடை அமுக்கிப் பாருங்கள். இதை மழைக்கு முன், செப்டம்பரிலேயே, ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பேக்கப் ஃப்ளோட்டை மட்டும் மாதம் ஒருமுறை கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் போதும்.

பம்ப்பின் உண்மையான வேகத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொன்னேனே, அது இதுதான். பின்னிரவில், உள்ளே வரும் தண்ணீர் ஏறக்குறைய இல்லாதபோது, 0.80-லிருந்து 0.50-க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று லோகோவையே எண்ணச் சொல்லுங்கள். 1,200 லிட்டரை அந்த நொடியால் வகுத்தால் வேகம். 400 நொடி ஆனால் 3 லிட்டர். ஒவ்வொரு பம்ப்புக்கும் தனித்தனியாக எழுதிவையுங்கள். இந்த எண் மெல்ல மெல்ல 450, 500 என்று கூடிக்கொண்டே வந்தால் இம்பெல்லர் தேய்கிறது அல்லது தண்ணீரை மேலே ஏற்றும் ரைசர் குழாயில் கொழுப்பு படிகிறது. ஒரே நாளில் 400-லிருந்து 700-க்குக் குதித்தால் துணி சிக்கியிருக்கிறது, அல்லது நின்றிருக்கும் பம்ப்பின் என்ஆர்வி திறந்தே கிடந்து தள்ளும் தண்ணீர் அது வழியாகத் தொட்டிக்கே திரும்பி வருகிறது. பம்ப் கெடப்போவதை இவ்வளவு மலிவாகச் சொல்லும் கருவி வேறு எனக்குத் தெரியாது. கன்ட்ரோலர் வாங்கியதன் முழுப் பயனும் இதில்தான் என்று நினைக்கிறேன். லெவல் பார்த்து ஓட்டி நிறுத்துவதை ஃப்ளோட்டே செய்துகொண்டிருந்தது.

எஸ்எம்எஸ் யாருக்குப் போகிறது என்பதையும் தீர்மானியுங்கள். அசோசியேஷன் செயலாளருக்கு மட்டும் போனால் அவர் ஊருக்குப் போன அன்றுதான் தொட்டி நிறையும். பராமரிப்பு ஆள், எலக்ட்ரீஷியன், செயலாளர் என மூவருக்கும் போகட்டும். மோடமுக்கும் லோகோவுக்கும் சின்ன பேட்டரி பேக்கப் கொடுங்கள், இல்லையென்றால் கரண்ட் போனதையே சொல்ல ஆள் இருக்காது. சைரனை நிறுத்தும் பட்டன் சத்தத்தை மட்டும் நிறுத்த வேண்டும், அலாரத்தை அழிக்கக் கூடாது. லெவல், டைமர் எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ப்ரோகிராமின் நகலையும் பாஸ்வேர்டையும் பேனல்காரரிடம் இப்போதே, கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன்பே, வாங்கிவிடுங்கள்.

கடைசியாக அல்ட்ராசோனிக். உங்கள் தொட்டிக்கு நான் போட மாட்டேன். சோப்பு நுரை ஒலியை விழுங்கிவிடும், மூடியின் அடியில் நீர்த்துளி படியும், சிலந்தி வலை கட்டும், 2 மீட்டர் அகலத்தில் பம்ப் செயினும் ரெயிலும் குறுக்கே வந்து பொய் எதிரொலி கொடுக்கும். தலைக்குக் கீழே முதல் 25, 30 சென்டிமீட்டரில் எதுவும் தெரியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார்; கதிர் குறுகலானது, ஆவி அதை அவ்வளவாகப் பாதிக்காது, தண்ணீரைத் தொடாததால் கொழுப்பு படியாது. விலை சில மடங்கு. அதை வாங்கினால் மேலிருந்து அளக்கும் என்பதால் 4 மில்லியாம்ப்பைத் தொட்டித் தரைக்கு செட் செய்யலாம், 20 சென்டிமீட்டர் கூட்டல் தேவைப்படாது, லோகோ எண்கள் எல்லாம் மாறும். அதன் மெனுவில் எதிரொலி தொலைந்தால் என்ன செய்வது என்று ஒரு செட்டிங் இருக்கும். சில கருவிகளில் அது "கடைசி அளவையே பிடித்துவை" என்று இருக்கும், அதை 3.6 மில்லியாம்ப்புக்கு மாற்றுங்கள், அப்போதுதான் முதல் சோதனையிலேயே லோகோ பிடித்துக்கொள்ளும்.